நைட் வீரர்களின் 'பத்துக் கட்டளைகள்': எது உண்மை?

"இடைக்கால ஐரோப்பாவில் நைட் (knight, குதிரைமீது போரிடும் வீரர்) பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் பத்துக் கட்டளைகளை உறுதிமொழியாக ஏற்றார்கள், இன்றைய ஆன்மிக வளர்ச்சிக்கு அவையே வழி" என்று ஒரு பட்டியல் சுற்றி வருகிறது. உறுதிமொழி என்பது தவறு.

பட்டியலைத் தொகுத்தவர் லெயோன் கோத்தியே என்ற பிரெஞ்சு இலக்கிய வரலாற்றாசிரியர். வெளிவந்த ஆண்டு 1884. பழைய வீரகாவியங்களில் கண்ட நெறிகளை அவரே பத்தாக வகுத்தார். எல்லா நைட்டுகளுக்கும் பொதுவான எழுத்துச் சட்டம் எதுவும் இடைக்காலத்தில் இருந்ததில்லை. ஆறாவது கட்டளையை மூலத்தில் படித்துவிட்டுப் பகிர்வது நல்லது: வேற்று மதத்தாரோடு ஓயாமல், இரக்கமின்றிப் போரிடச் சொல்கிறது அது. தியானத்துக்கு உகந்த வாசகம்தான்!

உண்மையான இடைக்கால வழிகாட்டி வேண்டுமானால், மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்கா தீவின் தத்துவ அறிஞர் ராமோன் லுல் 1270களில் கத்தலான் மொழியில் எழுதிய நைட் நெறி நூல் இருக்கிறது. அதில் வரும் நற்பண்புகள் ஏழு: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, நீதி, விவேகம், துணிவு, தன்னடக்கம். தலையான பாவங்களை இவற்றைக் கொண்டே வெல்ல வேண்டும் என்கிறார். ஆயுதங்களுக்கும் பொருள் உண்டு. வாள் சிலுவையைக் குறிக்கும், ஈட்டி வாய்மையை, தலைக்கவசம் பழிக்கு அஞ்சும் நாணத்தை, குதிரையை விரட்டக் காலில் அணியும் குதிமுள் ஊக்கத்தை.

பட்டம் ஏற்பவன் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்ய வேண்டும். பட்டம் ஏற்கும் திருநாளுக்கு முந்திய நாள் நோன்பு. அன்றிரவு ஆலயத்தில் விழித்திருந்து ஜெபம். அந்த இரவில் காமத்தைப் பாடும் பாணர்களுக்குச் செவிகொடுத்தால், ஏற்கப்போகும் நெறியை அப்போதே இழிவுபடுத்தத் தொடங்கிவிடுகிறான் என்று லுல் எச்சரிக்கிறார்.