வைக்கம் தெருவைக் கதையாக எழுதுங்கள்

சிறுவர் நாவல்களில் அறப்போராட்டம் என்றால் உப்பு சத்தியாகிரகத்தோடு நின்றுவிடுகிறோம் என்று, அந்த நாவல்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் வருத்தப்பட்டிருக்கிறார். சரியான வருத்தம். கேரளத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை யாராவது எழுத வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் அதைச் சொன்னபோது, "கோயிலுக்குள்ள விடலையாப்பா?" என்று கேட்டாள். ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே விடவில்லை என்றதும் அவளுக்குப் புரியவே இல்லை. கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1924 மார்ச் 30 அன்று புலையர், ஈழவர், நாயர் என மூன்று சாதிகளைச் சேர்ந்த மூன்று பேர் தடையை நோக்கிச் சேர்ந்து நடந்தார்கள், கைதானார்கள். அப்புறம் அந்த வருட வெள்ளம்! தண்ணீரில் நின்றபடியே போராடியிருக்கிறார்கள். பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் களத்தில் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு சிறுமியை நிறுத்திப் பாருங்கள், நாவல் தானாக நகரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், முடிவை இனிப்பாக்க வேண்டாம். 1925 நவம்பரில் கோயிலின் மூன்று பக்கங்களில் இருந்த தெருக்கள்தான் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோயிலுக்குள் போக 1936 வரை காத்திருந்தார்கள். பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள். என் மகள் அடுத்து கேட்டதே அந்தக் கிழக்குத் தெருவைப் பற்றித்தான்.