துணைவேந்தர் நாற்காலிக்கு அப்பாலும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது

துணைவேந்தர் நியமனம் என்றாலே கவர்னரா, கவர்மெண்டா என்ற ஒரே கேள்வியோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டம் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று கேட்பார் இல்லை. இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் கையில் இருந்தாலும் பட்டம் கொடுக்கிற உரிமை சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் சட்டம் 1956, பிரிவு 22 அப்படித்தான் சொல்கிறது.

அந்த உரிமை ஒரு சட்டத்திலிருந்து பிறக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் அரசுத் துறை ஆகாது. சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய சட்ட நபர் அது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857-ல், இன்று இயங்குவது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். ஸ்டான்லியில் எம்பிபிஎஸ் முடிப்பவருக்குப் பட்டம் தருவது 1987-ல் தனிச் சட்டம் கண்ட எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு 1989-ல் வேறொரு சட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் பார்க்கும் சிண்டிகேட்டின் இடத்தில் அங்கே மேலாண்மைக் குழு. ஆகவே எந்த விவாதத்துக்கும் முன்னால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

கவர்னர் வேந்தராக இருப்பதும் இந்த மாநிலச் சட்டங்களால்தான். அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. தமிழ்நாட்டிலேயே இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சர்தான் வேந்தர். சட்டமன்றம் கொடுத்த பதவியைச் சட்டமன்றமே மாற்றலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பதவி அவரிடம் இருக்கும்வரை, வேந்தர் என்ற முறையில் அவர் அமைச்சரவை சொல்கிறபடி நடக்கக் கடமைப்பட்டவர் அல்ல. கேரளத்தின் கண்ணூர் பல்கலைக்கழக வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அதுதான் சட்டம்.

சிக்கலின் வேர், ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தை உருவாக்குவது மாநிலப் பட்டியல் 32-ல். உயர்கல்வியின் தரம் ஒன்றியப் பட்டியல் 66-ல். கல்வி என்ற பொருளையே 42-வது திருத்தம் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோய்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி துணைவேந்தருக்கான தேடல் குழுவில் மூவர்: வேந்தர், செனட் என்ற பெரிய அவை, சிண்டிகேட் ஆளுக்கொருவரை அனுப்புவார்கள். யுஜிசி 2018 ஒழுங்குமுறையோ தன் தலைவர் அனுப்பும் ஒருவரும் வேண்டும் என்கிறது. துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பது தரம் சம்பந்தப்பட்டதா, நிர்வாகம் சம்பந்தப்பட்டதா? யுஜிசி விதியை மீறிய நியமனங்களை 2022-ல் குஜராத், கேரள வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றிய தமிழ்நாட்டின் திருத்தச் சட்டங்கள் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் தீர்ப்பால் நடைமுறைக்கு வந்தன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில், 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் நாற்காலி காலியானது. பிறகு உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு வந்தது. கோட்டையில் ஒரு துறையே நடத்துகிறவர் பல்கலைக்கழகத்தின் அன்றாடக் கோப்பையும் பார்க்க வேண்டும். கோப்பு நகரும், புதிய முடிவு பிறக்காது. பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர் என்கிறது யுஜிசி விதி. அவர் இல்லாவிட்டால் நியமனமும் பதவி உயர்வும் இழுத்துக்கொண்டே போகும். ஓய்வுபெற்றவர் இடத்தில் கௌரவ விரிவுரையாளர் வருவார். ஆய்வு மாணவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர். வழிகாட்டியாக இருக்க நிரந்தரப் பேராசிரியர் வேண்டுமே.

பணமும் சட்டத்தோடு பிணைந்ததுதான். 2024-ல் நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில், அரசு நிதியில் கணிசமாக நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு இருந்தது. கணிசம் என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் என்று விதி வரையறுத்திருந்தது. மாநில மானியம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் விலக்கு ஆட்டம் கண்டது. 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடங்கிய விவகாரத்தின் அடிப்படை இதுதான். மானியத்தைக் குறைத்துவிட்டுத் தன்னாட்சி பற்றிப் பேசுவது எந்த அரசுக்கும் அழகல்ல.

இனி நாம் தொடவே தொடாத இடம். சிண்டிகேட் நிர்வாகம் பார்க்கிறது. உயர்கல்வி, சட்டம் போன்ற துறைகளின் செயலர்கள் பதவி வழியாகவே அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்விக்குழு பாடத்தையும் தேர்வையும் பார்க்கிறது. செனட்தான் பெரிய அவை. தேடல் குழுவுக்கு ஒருவரை அனுப்புகிற உரிமை அதற்கு உண்டு. அந்த செனட்டில் பதிவுபெற்ற பட்டதாரிகள் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியில் வீட்டுக்கு ஒரு பட்டதாரி உண்டு. அவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? பட்டம் வாங்கினால் பெயர் தானாக ஏறாது. விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். நாம் பதியாவிட்டால் பதிந்த சிலரின் ஓட்டிலேயே உறுப்பினர் தேர்வாகிவிடுவார்.

பட்டச் சான்றிதழ் நகலோடு பதிவாளர் அலுவலகத்தில் பதிவுபெற்ற பட்டதாரிக்கான படிவம் கேளுங்கள். முகவரி மாறியிருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு போனால் பெரும்பாலும் பட்டியல் மூடியிருக்கும். சிண்டிகேட் கூட்டக் குறிப்பு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தத் தேதிக் கூட்டம், எந்தப் பொருள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.