வாசலில் ஒரு வீச்சு வீசினால் அது சோதனை ஆகிவிடாது

கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரால் ஆட்களைச் சோதிப்பதென்றால் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். முடியாதென்றால் விட்டுவிட வேண்டும். பல வாசல்களில் இந்த இரண்டும் நடப்பதில்லை. வயிற்றுக்கு முன்னால் ஒரு வீச்சு, முதுகுக்குப் பின்னால் ஒரு வீச்சு, கருவி பீப் பீப் என்று கத்துகிறது, எதற்குக் கத்தியது என்று யாரும் கேட்பதில்லை, அடுத்த ஆள் வந்துவிடுகிறார். கட்டடத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் இது பொய்யான நிம்மதியைக் கொடுக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

அந்தக் கருவி குறை உள்ளதல்ல. உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மாறுமின்னோட்டம் சுற்றிலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பக்கத்தில் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து அந்தப் புலத்தைக் குலைக்கும், கருவி சத்தம் போடும். இரும்புதான் வேண்டும் என்றில்லை. அலுமினியம், செம்பு, தங்கம் எல்லாம் மாட்டும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளுக்குக்கூடச் சத்தம் வரும். ஆனால் தூரம் போனால் எல்லாம் போச்சு. ஓரளவு தள்ளிப்போன பிறகு, சின்னப் பொருளிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை, தூரம் இரு மடங்கானால் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் உடலிலிருந்து 5 செ.மீ. அளவிலேயே பிடித்து, நிதானமாக நகர்த்தச் சொல்கிறார்கள். ஒரு முழம் தள்ளி நின்று விசிறினால் சின்ன பிளேடு தப்பிவிடும்.

1881-இல் நடந்ததை இந்த வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஓர் உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புக் கம்பிகள் இருந்தன. அதோடு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். உடற்கூறாய்வில் குண்டு இடப்பக்கம் இருந்தது தெரிந்தது.

அந்த இரண்டு தவறுகளும் இன்றைக்கும் வாசல்களில் நடக்கின்றன. இரும்பு கேட்டை ஒட்டியோ, ஸ்டீல் மேசைக்குப் பக்கத்திலோ ஆளை நிறுத்துகிறார்கள். காலருகே கொண்டுபோனால் கான்கிரீட் தரைக்குள் இருக்கும் கம்பிக்குச் சத்தம் வருகிறது. "தரைதான்" என்று முடிவுகட்டி, செருப்பையும் கணுக்காலையும் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு சின்ன மரப்பலகை மேல் நிற்க வைத்தாலே இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்புறம், எங்கே இருக்கும் என்று நாமே முடிவுசெய்துகொண்டு அங்கே மட்டும் தேடுவது. இடுப்பில் பெல்ட் பக்கிளுக்குச் சத்தம் வந்ததும் "பெல்ட்தான்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி அதே இடத்தை மறுபடி பார்த்தால்தான் அந்தச் சத்தத்துக்குப் பதில் கிடைக்கும். தலையில் தொடங்கி, கைகளின் உள்பக்கம், விலா, கால்களின் உள்பக்கம், பிறகு முதுகுப் பக்கம் என்று எல்லோருக்கும் ஒரே வரிசையில் போக வேண்டும். நடுவில் ஒன்று அகப்பட்டாலும் மிச்சத்தையும் பார்த்து முடிக்க வேண்டும்.

முழுச் சோதனை ஆட்களை அவமதிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கருவியை நெஞ்சருகே நீட்டுவதுதான் அவமதிப்பு. "பையில இருக்கிறதை எல்லாம் இந்தத் தட்டுல வைங்க, கையைக் கொஞ்சம் விரிச்சு நில்லுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, உடலில் படாமல், பெண்களைப் பெண் காவலரே சோதித்தால் யாருக்கும் மனம் நோகாது. உள்ளாடைக் கம்பிக்குச் சத்தம் வந்தால் அதைக் கூட்டத்துக்கு நடுவில் விசாரிக்கக் கூடாது. அதற்கு ஒரு திரைமறைவு வேண்டும். இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றியவர்களுக்கு அந்த இடத்தில் ஆயுள் முழுக்கச் சத்தம் வரலாம். மருத்துவர் கொடுத்த அட்டையைக் காட்டினாலும் அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். அதை மறைவாக, பொறுமையாகச் செய்யலாம். பேஸ்மேக்கர் வைத்தவரின் நெஞ்சுக்கு மேல் கருவியை நிறுத்தி வைக்கவே கூடாது. அவர் கேட்டால் கையால் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகள் பயப்பட வேண்டியதில்லை, இதில் எக்ஸ்ரே கிடையாது.

இந்தக் கருவிக்கு வெடிமருந்து தெரியாது. பீங்கான் கத்தியும் பிளாஸ்டிக்கும் திரவமும் தெரியாது. அதை வாங்கி வைத்ததோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு ஏடிஇ 651 கதையை நினைவுபடுத்துகிறேன். வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்ற கைக்கருவி அது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் இல்லை. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நல்ல கருவியை அரைகுறையாக வீசினாலும் வாசலில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட அதுதான்.

காவலர்களை நான் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஒழுங்காகப் பார்த்தால் ஓர் ஆளுக்கு அரை நிமிடமாவது ஆகும் வேலைக்கு இரண்டு நொடிதான் கொடுக்கிறார்கள். வரிசை நீண்டால் மேலாளர் திட்டுகிறார். பெரிய காரில் வந்தவர் முறைத்தால் அவரை விட்டுவிட வேண்டும்; அதே வாசலில் துப்புரவுப் பணிக்கு வரும் பெண்ணைத் தலை முதல் கால் வரை சோதிக்க வேண்டும். இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. யாருடைய பதவிக்காகவும் சோதனையை விட்டுவிடாமல் இருக்கும் அதிகாரத்தைக் காவலருக்கு எழுத்திலேயே கொடுங்கள்.

எல்லோரையும் முழுதாகச் சோதிக்க ஆளோ நேரமோ இல்லை என்றால், பத்தில் ஒருவரை மட்டும் முழுதாகச் சோதியுங்கள், மிச்சப் பேரை விட்டுவிடுங்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஆயுதத்தோடு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இப்போதைய வீச்சிலும் அவர் போய்விடுவார். போய்விடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். தன் முறை வருமா வராதா என்று தெரியாத வாசலில் நுழைய அவர் யோசிப்பார். ஆனால் அந்த ஒருவரைக் காவலர் முகத்தையும் உடையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மெக்சிகோ சுங்கச் சோதனையில் பயணியே ஒரு பொத்தானை அழுத்தும் முறை பல ஆண்டுகள் இருந்தது. பச்சை எரிந்தால் போய்விடலாம், சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. அதுபோல ஒன்றை வாசலில் வையுங்கள். காரில் வந்தவரும் அழுத்தட்டும், துப்புரவுக்கு வந்தவரும் அழுத்தட்டும்.