குதிரையைப் பற்றிக் கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள்

எங்கள் குதிரை மல்லியை விற்கப் போகிறோம் என்று போட்டோ போட்டு இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. வந்த போன்களுக்குக் கணக்கில்லை. எடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "லாஸ்ட் ரேட் இன்னாக்கா?" முதல் ரேட்டே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் லாஸ்ட் ரேட். வயசு என்ன, வண்டியில் பூட்டிப் பழக்கம் உண்டா, கடிக்குமா, உதைக்குமா, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மனசு ரொம்ப வெறுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்தில். தாத்தா ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அப்பா காலத்தில் ஜட்கா போய் கல்யாணக் குதிரையும் சாரட்டும் வந்தது. சௌகார்பேட்டை கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைப் பெட்டைக் குதிரைதான் வேண்டும் என்பார்கள். அதற்காகவே அப்பா ஒன்றரை வயதுக் குட்டியாக மல்லியை வாங்கி வந்தார். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. போன வருஷம் அப்பாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனது. லாயம் இருக்கும் இடத்துக்கும் வாடகை ஏறிவிட்டது. இரண்டு குதிரையை இனிமேல் என் ஒருத்தியால் பார்க்க முடியாது.

"அப்போ கிழட்டுக் குதிரையை வித்துட்டு, சம்பாதிக்கிறதை வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள். வேலுவுக்கு இருபத்திரண்டு வயது. அவனை வாங்க வருகிறவன் எதற்கு வாங்குவான் என்று எனக்குத் தெரியும். அவன் எங்கள் கொட்டகையிலேயே கண்ணை மூடட்டும். மல்லிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நல்ல வாழ்க்கை இருக்கிறது, நல்ல இடம் கிடைக்கவும் வழி இருக்கிறது. அதனால்தான் அவளை விற்கிறேன்.

வருகிறவர்கள் கொட்டகைக்குள் நுழைந்ததும் அடுத்த கேள்வி, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" நான்தான் பார்த்துக்கொள்கிறேன், என்னிடமே கேளுங்கள் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் தம்பி அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்க்கிறான், கடிவாளத்தைக்கூட அவனுக்கு ஒழுங்காகப் பூட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவன் சும்மா வாசலில் நின்றால் போதும், வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் விலை பேசுவார்கள். நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கொள்ளு வேகவைத்து, குளம்பு சுத்தம் செய்து பதினைந்து வருஷம் இதில் கிடக்கிறேன். இந்தக் குதிரைக்கு எந்தக் காலில் லாடம் சீக்கிரம் தேயும் என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது.

சந்தேகப்படுவதைத் தப்பென்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நொண்டும் குதிரைக்கு வலி ஊசி போட்டு அன்றைக்கு மட்டும் நேராக நடக்கவிட்டு விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சாயம் அடிக்கிறவர்களும் உண்டு. ஒருத்தர் ஈரத்துணி கொண்டுவந்து மல்லியின் கழுத்தைத் தேய்த்துப் பார்த்தார். நல்லா தேய்ங்கண்ணே என்று நானே பக்கத்தில் நின்றேன். மல்லி நுக்ரா வகைக் குதிரை. முடி மட்டும் வெள்ளையில்லை, தோலே இளஞ்சிவப்பு. மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் பார்த்தாலே தெரிந்துவிடும். சோதித்துப் பாருங்கள், ஆனால் எங்கே எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

பல் பார்க்கிறேன் என்று வருகிறவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. போன வாரம் புளியந்தோப்பிலிருந்து ஒருத்தர் வந்தார். வந்ததும் மல்லியின் மேல் உதட்டைப் பிடித்து இழுத்தார். அவள் தலையைத் தூக்கி உதறினாள். "ஏம்மா, குதிரை முரடா இருக்கே" என்றார். யார் வந்து நம் உதட்டைப் பிடித்து இழுத்தாலும் நாமும் உதறத்தான் செய்வோம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடம் இருக்கிறது, கடிவாளம் உட்காருவதே அங்கேதான். பக்கவாட்டில் அங்கே கட்டைவிரலை வைத்தால் குதிரை தானாக வாயைத் திறக்கும். நானே திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "பதினாலு இருக்கும்மா, ஒன்பதுன்னு சொல்றியே" என்றார்.

சரி என்று அவரைக் கையோடு வேலுவிடம் கூட்டிப்போனேன். அவன் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கி, மேல் வரிசையில் ஓரமாக இருக்கும் முன்பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லில் ஈறிலிருந்து நுனி வரைக்கும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடும், நகத்தால் கீறியது மாதிரி. பத்து வயதை ஒட்டி அது ஈறுப் பக்கம் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல் வரைக்கும் இறங்கும், இருபதில் நுனியைத் தொடும். இது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மறுபடியும் மல்லியிடம் வந்து அதே பல்லைக் காட்டினேன். கோடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பதினாலு வயதாக இருந்தால் கிட்டத்தட்ட பாதிப் பல்லில் கோடு இருந்திருக்க வேண்டும். அவர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, தொண்ணூறுக்குக் குடு" என்றார். நான் சொன்ன விலை ஒன்றே முக்கால் லட்சம்.

உயரத்திலும் இதே கதை. நான் அளந்தது 59 இன்ச். "வேற எடத்துல 62 இன்ச் இதே ரேட்டுக்குத் தர்றாங்க" என்கிறார்கள். டேப்பை வயிற்று மேட்டின் மேல் படுக்கவிட்டு அளந்தால் எந்தக் குதிரையும் இரண்டு மூன்று இன்ச் வளர்ந்துவிடும். தரையிலிருந்து தோள் மேடு வரைக்கும் நேர்க்கம்பு வைத்து அளக்க வேண்டும். நேர்மையாக அளந்து சொன்னால் நம் குதிரைதான் குள்ளமாகத் தெரிகிறது.

சுழி விஷயத்தில் நான் கொஞ்சம் நிதானமாகவே பேசுவேன், ஏனென்றால் தாத்தாவும் சுழி பார்த்தவர்தான். அந்த நம்பிக்கை இருப்பவர்கள் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் சுழி பார்க்க ஒரு ஆளைக் கூடவே கூட்டிவந்து, அவர் கழுத்தில் ஒரு சுழியைக் காட்டி "இது வீட்டுக்கு ஆகாது" என்று முகத்தைச் சுளிப்பதும், உடனே வாங்க வந்தவர் "பரவால்ல, நாப்பதாயிரம் கொறச்சுக்குங்க, எடுத்துக்கறேன்" என்பதும் என்ன நியாயம்? ஆகாத சுழி நாற்பதாயிரம் குறைத்தால் ஆகிவிடுமா? அந்த இரண்டு பேரும் நாலு கால்களில் ஒன்றையாவது தூக்கிப் பார்க்கவில்லை. குதிரை தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் தாங்குகிறது. பார்க்க வேண்டியது அங்கே.

வாங்கவே வராதவர்கள் தனி. ஆறேழு பசங்க பைக்கில் வருவார்கள், ஏறிப் பார்க்கணும் என்பார்கள், ஒருத்தன் ஏறுவான், மற்றவன் வீடியோ எடுப்பான். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். புல்லட்டை எடுத்துக்கொண்டு குதிரையைக் கொடு என்று கேட்டவரும் உண்டு. ரோட்டில் பந்தயம் விடுவதற்குக் கேட்பவர்களுக்கு நான் எந்த விலைக்கும் தருவதில்லை. விடிகாலை இருட்டில் தார் ரோட்டில், பின்னால் பத்து பைக் ஹாரன் அடித்துக்கொண்டு வர ஓடும் குதிரையின் கால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான்.

ஒருத்தர் செய்ததை மட்டும் மறக்க முடியவில்லை. கல்யாணக் குதிரை என்று சொன்னதால், சத்தத்துக்குப் பயப்படுகிறதா பார்க்கிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மல்லியின் பின்னால் சரவெடியைக் கொளுத்திப் போட்டார். மல்லி பேண்டு வாத்தியத்துக்கும் வெடிக்கும் பழகியவள்தான். ஆனால் அதைப் பழக்க அப்பாவுக்கு எட்டு மாதம் பிடித்தது. முதலில் தூரத்தில் தகர டப்பா, பிறகு கொஞ்சம் பக்கத்தில், பிறகு பேண்டு செட்டு ஒத்திகை பார்க்கும் தெருவில் தினமும் அரை மணி நேரம். சத்தம் வரப்போகிறது என்று கழுத்தில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வோம். அன்றைக்குக் கட்டுக்கயிறு அறுந்து, தகரக் கதவில் தோளை இடித்து ரத்தம். இரண்டு நாள் சரியாகத் தீனி எடுக்கவில்லை. அவர் போகும்போது, "பயப்படுது, செட் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏன் இவ்வளவு விசாரிக்கிறேன் என்று சிலருக்குக் கோபம் வருகிறது. காசு கொடுக்கிறது நாங்க, நீ என்ன எங்களைக் கேள்வி கேட்கிறாய் என்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2019-இல் செவலை என்று ஒரு குதிரையை விற்றோம். வாங்கியவர் நல்ல பேச்சு, கையில் பணம், நாங்கள் வேறெதுவும் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கி, "நொண்டுது, பணத்தைத் திருப்பிக் குடு" என்றார். சேணத்துக்கு அடியில் மெத்தை போடவில்லை. தோள் மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து ஈ மொய்த்தது. முன்னங்கால் குளம்பைத் தூக்கினால் நாற்றம், லாட ஆணி இறங்கக் கூடாத இடத்தில் இறங்கி உள்ளே சீழ். பணத்தில் பாதியைக் கொடுத்து அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நடத்தியே கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தோம். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி அது, தாத்தா காலத்திலிருந்து எங்கள் குதிரைகளுக்கு அதுதான் ஆஸ்பத்திரி. செவலை பிழைத்தான். ஆனால் சேணத்தைக் கையில் எடுத்தாலே அதற்கப்புறம் நடுங்குவான்.

அதனால்தான் கேட்கிறேன். எங்கே கட்டுவீர்கள்? மேலே கூரை இருக்கிறதா? லாடம் அடிக்க ஆள் தெரியுமா? வயிற்று வலி வந்தால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவீர்கள்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி உள்ளே போய் வாயு பிடித்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும், எங்கள் கணக்கில் தீனிக்கு மட்டும் நானூறு ரூபாய் ஆகிறது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும்.

தரகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, கொட்டகை மூழ்கிவிட்டது. நானும் அப்பாவும் மல்லியையும் வேலுவையும் பிடித்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறி, வரிசையாக நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் இரண்டு ராத்திரி நின்றோம். பிளாஸ்டிக் ஷீட்டைக் குதிரைகள் மேல் போட்டுவிட்டு நாங்கள் நனைந்தோம். அப்போது ஒரு தரகர் போன் பண்ணினார். எப்படி இருக்கீங்க என்று கேட்கத்தான் பண்ணுகிறார் என்று நினைத்தேன். "இந்த நெலமைல எப்படிம்மா வெச்சுப்ப, அறுபதாயிரம் தர்றேன், வண்டி அனுப்பட்டா?" என்றார். அப்பா போனை வாங்கி அணைத்துவிட்டார். அந்த ஆளே இப்போது மறுபடியும் வருகிறார்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை வருமே என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். உண்மைதான், அங்கே வருகிறவர்களில் குதிரை தெரிந்தவர்கள் அதிகம். ஆனால் ஈரோடு மாவட்டம் வரைக்கும் லாரியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே போக வேண்டும். நாலு நாள் சந்தையில் விற்காவிட்டால் அதே லாரியில் திரும்ப வேண்டும். யாருடைய குதிரை எந்த நோயோடு பக்கத்தில் நிற்கிறது என்றும் தெரியாது. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, மனிதனுக்கும் ஒட்டும், தடுப்பூசி கிடையாது, உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். அவளை அங்கே நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

இந்தப் பதினெட்டு நாளில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி வந்தார். பொன்னேரிப் பக்கம். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மல்லி அவரை முகர்ந்து பார்க்கும்வரை ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு நாலு காலிலும் முட்டியிலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். எங்காவது சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான். என்னை வலமும் இடமும் வட்டமாக நடத்தச் சொன்னார். "தண்ணி எத்தினி வேள காட்டுவ பாப்பா?" என்று கேட்டார். விலையைக் கடைசியில்தான் கேட்டார். அவரிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான் இருக்கிறது. தை அறுப்புக்குப் பிறகு மீதியைத் தருகிறேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு அடுத்த மாதக் கொட்டகை வாடகையை நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

அதுவரைக்கும் பார்க்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் வாருங்கள், அதற்குமேல் வெயில் ஏறினால் அவள் மூக்குத் தோல் சிவந்துவிடும். வெள்ளிக்கிழமை லாடம் மாற்றுகிறோம், அன்றைக்கு வந்தால் நாலு குளம்பையும் வெறுமையாகப் பார்க்கலாம். டாக்டரைக் கூட்டிவந்தாலும் சரி, வேப்பேரிக்கு நடத்திக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னாலும் சரி, அந்தச் செலவு என்னுடையது. வெளியூர் ஆட்கள் என்றால் வண்டியில் ஏற்ற கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டும், அதையும் நானே வாங்கித் தருகிறேன். வெடி மட்டும் கொண்டுவராதீர்கள்.