தாயைப் பார்க்காம குட்டி வாங்காதீங்க

புதுசா வாங்கிட்டு வந்த ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி செத்துப்போச்சு. அதை "விதி"ன்னு நேத்துலேர்ந்து எழுதிட்டிருக்காங்களே, அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. விதி இல்லைங்க. 30 நாள்ல தாய்கிட்டேர்ந்து பிரிச்சு, அட்டைப்பெட்டில போட்டு பஸ்ல ஏத்திவிட்ட குட்டி அது. வந்த மறுநாளே ரத்தமா கழிஞ்சுது. பார்வோ, அதாவது குட்டிங்களை ரத்தமா கழிய வச்சுக் கொல்ற வைரஸ், தொத்தினா அறிகுறி தெரியவே பெரும்பாலும் 3லேர்ந்து 7 நாள் ஆகும். எங்கே தொத்தியிருக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

தாயைப் பார்க்காம குட்டி வாங்காதீங்க. வீடியோல இல்ல, நேர்ல. பால் குடுக்கிற பெட்டைக்கு மடி தொங்கி, காம்பு தடிச்சு, சுத்தி குட்டிங்களோட நகக்கீறல் இருக்கும். மடி ஒட்டிப்போன நாயைக் காட்டி "இதான் தாய்"னு சொன்னா கிளம்பிடுங்க. அவர் எங்கேயோ வாங்கி விக்கிறவர்.

குட்டிக்கு விலா தெரிஞ்சு வயிறு மட்டும் உப்பியிருந்தா அது கொழுகொழு இல்ல, பெரும்பாலும் குடல்புழு. 2 வாரத்துலயே புழு மருந்து ஆரம்பிச்சிருக்கணும். முதல் தடுப்பூசியே 6லேர்ந்து 8 வாரத்துல. அப்புறம் 16 வாரம் வரைக்கும் 3, 4 வாரத்துக்கு ஒண்ணு. 30 நாள் குட்டிக்கு "எல்லா ஊசியும் போட்டாச்சு"ன்னா பச்சைப் பொய். தடுப்பூசி அட்டையில மருந்துக்குப்பி ஸ்டிக்கரும் டாக்டர் முத்திரையும் இருக்கான்னு பாருங்க.

ராஜபாளையத்துக்கு இன்னொண்ணு, காது. முழு வெள்ளை வேணும், மூக்கு ரோஸ் கலர்ல வேணும்னு நாமதான் கேக்குறோம். அப்படி இருந்தா தோல்ல நிறம் குடுக்கிற நிறமி இல்லைன்னு அர்த்தம். அந்த நிறமி உள்காதுலயும் இல்லாமப் போனா குட்டி செவிடு. 6 வாரத்துக்கு மேல ஒவ்வொரு குட்டியா தனியா கொண்டுபோய், பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. கூட்டத்துல வச்சுப் பார்த்தா மத்த குட்டி திரும்புறதைப் பார்த்து இதுவும் திரும்பும். தரையைத் தட்டாதீங்க, அதிர்வு காட்டிக்கொடுத்துடும். சத்தம் வந்த பக்கம் விட்டுட்டு வேற பக்கம் திரும்பினா ஒரு காது போயிருக்கலாம். செவிடுன்னு தெரிஞ்சதும் பைபாஸ்ல இறக்கிவிட்டுட்டுப் போற மனசு எப்படிங்க வருது?

"தெருநாயை எடுத்து வளக்க வேண்டியதுதானே"ம்பாங்க. வளங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா காசு குடுத்து வாங்குறவங்க வாங்கிட்டேதான் இருக்காங்க, அவங்ககிட்ட என்ன சொல்றது?

"கிராமத்துல வம்சாவளி பேப்பரெல்லாம் யாரு வச்சிருக்கா, ஏழை பொழப்புல கை வைக்காதீங்க"ன்னு இன்பாக்ஸ்ல திட்டினவங்களுக்கு: நான் பேப்பரா கேட்டேன்? தாயைத்தானே கேட்டேன்! நல்லா வளக்குற கிராமத்துக்காரர் தாயை முன்னாடி கொண்டாந்து நிறுத்துவார். கட்டிப் போட்டு வளப்பீங்களா, வீட்ல ஆள் இருக்குமான்னு உங்களையே கேள்வி கேப்பார். முடியலைன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்துடுங்கன்னும் சொல்வார். அவர் பொழப்பைக் கெடுக்குறது நானா, இல்ல ஒரே பெட்டையை ஓய்வே குடுக்காம சினையாக்குற ஆளா? 8 வாரத்துக்கு முன்னாடி விக்கக் கூடாது, 12 மாசத்துல ஒரு ஈத்துக்கு மேல கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி வந்தாச்சு.

"இவ்வளவு பார்த்தா குட்டியே கிடைக்காது." கிடைக்கும், உடனே கிடைக்காது. சினை 63 நாள், தாய்கூட 8 வாரம், ஆக மொத்தம் நாலு மாசம். பெட்டையையும் கடுவனையும் நேர்ல பார்த்துட்டு, ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க இல்லைன்னு கேட்டு உறுதி பண்ணிட்டு, அடுத்த ஈத்துக்குப் பேர் குடுத்து வைங்க.