முழங்கால் தண்ணீரில் எதற்கு இந்த வேகம்?

டெக்சாஸில் ரெட்ஃபிஷ் பே (Redfish Bay) என்ற விரிகுடாவில் விடியற்காலையிலேயே தூண்டிலோடு இறங்கி, சேற்றைக் கலக்காமல் அடிமேல் அடி வைத்து அரை மணி நேரம் நடந்திருப்பேன். 40 அடி தள்ளி ஒரு ரெட்ஃபிஷ் மீன், தலையைக் கடற்புல்லுக்குள் விட்டு நண்டு தேடுகிறது. வால் மட்டும் தண்ணீருக்கு மேலே, வாலடியில் அதற்கே உரிய கறுப்புப் பொட்டு வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. தூண்டிலை வீசக் கையைத் தூக்குகிறேன், அப்போது பார்த்து ஒரு படகு முழு வேகத்தில் குறுக்கே பாய்கிறது. அவ்வளவுதான், வாலும் போச்சு, சுற்றியிருந்த மடவைக் கூட்டமும் போச்சு.

மீன் போனால் போகட்டும், நாளைக்கு வரும். புல் வருமா? படகின் ப்ரொப்பல்லர் தரையைக் கீறிக்கொண்டு போன தடத்தில் புல் வேரோடு பிய்ந்து மிதக்கிறது, அந்த வடு ஆற வருஷக்கணக்கில் ஆகும். மீன்குஞ்சும் இறாலும் நண்டும் ஒளிந்து வளர்வதே அந்தப் புல்லில்தான். இங்கே கடற்புல்லைப் பிடுங்கக் கூடாது என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது, 2013-இல் மாநிலக் கடலோரம் முழுவதற்கும் வந்தது. படகு போகப் பக்கத்திலேயே ஆழமான வாய்க்கால் இருக்கிறது. சரி, அவசரம் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு ஆள் தண்ணீரில் நிற்பது தெரிந்த பிறகாவது கொஞ்சம் சுற்றிப் போகக் கூடாதா?