கணவரைச் சோதிக்காமல் மனைவிக்குப் பத்தியம் சொல்லாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பம் மண்டபத்தில் நடந்த ‘இயற்கை வழியில் குழந்தைப்பேறு’ முகாமின் காணொளியை இதற்குள் நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பெண்களை வரிசையாக மேடையேற்றி, திருமணமாகி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று ஒலிபெருக்கியில் கேட்டு, எல்லோருக்கும் ‘கருப்பைச் சூடு’ என்று ஒரே காரணத்தைச் சொல்லி, ஒரே உண்ணாநோன்பையும் ஒரே சூரண டப்பாவையும் கொடுத்து அனுப்பினார் அந்தப் பேச்சாளர். அவர்களுடைய கணவர்கள் வெளியே வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரைக்கூட அவர் உள்ளே அழைக்கவில்லை. என் கோபம் முழுவதும் இந்த ஒன்றின் மீதுதான்.

இதை எழுதியதும் என்னை இயற்கை மருத்துவத்தின் எதிரி என்று சொல்லச் சிலர் வருவார்கள். நான் அதை நம்புகிறவள். எங்கள் வீட்டில் இடுப்புக் குளியலும் மண் பட்டியும் யோகப் பயிற்சியும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. நம்புகிறவள் என்பதாலேயே கேட்கிறேன்: உணவு, நீர், மண், வெயில், ஓய்வு, நோன்பு ஆகியவற்றைக் கொண்டு மருந்தில்லாமல் செய்யும் மருத்துவம் என்று சொல்லிவிட்டு, மேடையின் ஓரத்தில் சூரண டப்பாக்களை அடுக்கி வைத்து விற்பது எந்த முறை? பி.என்.ஒய்.எஸ். எனும் இயற்கை மருத்துவம், யோகா பட்டத்துக்காக ஐந்தரை ஆண்டுகள் படித்துவிட்டு வரும் மருத்துவர்களின் பெயரையும் அல்லவா இது கெடுக்கிறது? பெண்ணின் மலட்டுத்தன்மையைப் போக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் ஏற்பாட்டாளர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கருத்தரிப்பு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அதைக் கண்டறிய முதலில் வேண்டியது, இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்கும் ஒரு விந்தணுப் பரிசோதனை மட்டுமே. ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் எல்லையாகக் குறித்திருக்கிறது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலி இல்லை. ஆனால் நம் ஊரில் ஒரு பெண் ஸ்கேன் எடுத்து, இரத்தம் கொடுத்து, கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வலி மிகுந்த சோதனையையும் முடித்த பிறகும் அவளுடைய கணவர் அந்தச் சிறு குப்பியைக் கையில் வாங்கியிருக்க மாட்டார்.

என் அக்காவை வில்லியனூரில் கட்டிக் கொடுத்தோம். குழந்தை தாமதமான ஆண்டுகளில் அவள் குடித்த மலைவேம்புச் சாற்றையும் இருந்த நோன்புகளையும் நான் அருகிலிருந்து பார்த்தவள். இயல்பிலேயே மெலிந்த உடம்பு. நோன்பு கூடக் கூட மாதவிலக்கே தள்ளிப் போனது. உடல் எடை கூடி சினைப்பையில் நீர்க்கட்டியும் இருக்கும் பெண், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கருமுட்டை வெளிப்படுவது சீராகலாம். ஏற்கெனவே மெலிந்தவளைப் பட்டினி போட்டாலோ அது நின்றே போகலாம். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்தாம் எல்லோருக்கும் ஒரே தாளில் பத்தியம் அச்சடிக்கிறார்கள்.

அத்தான் புதுச்சேரியில் ஓர் அடுமனையில் வேலை பார்த்தார். இரவெல்லாம் அடுப்பின் வெக்கையில் நிற்பார், வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையின் இயற்கை மருத்துவப் பிரிவில் இருந்த ஓர் இளம் மருத்துவர்தான், அக்காவின் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, “உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா?” என்று கேட்டார். அவரைச் சோதித்த பிறகே உணவைப் பற்றிப் பேசுவேன் என்றும் சொல்லிவிட்டார். பரிசோதனையில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது; சிறுநீரக அறுவை மருத்துவர் வெரிகோசில், அதாவது விதைப்பையின் இரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கும் நிலை, இருப்பதைக் கண்டுபிடித்து அறுவை செய்தார்; அத்தான் புகையிலையை விட்டார், அடுப்புப் பக்கத்திலிருந்து விற்பனைப் பக்கத்துக்கு மாறினார். அக்காவுக்கு நோன்பை நிறுத்தி, வயிறார உண்ணச் சொல்லி, கரு தங்குவதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டிய 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் தொடங்கச் சொன்னார் அதே மருத்துவர். பிறகு கரு தங்கியது. இவற்றில் எது காரணம் என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இயற்கை மருத்துவம் ஒரு தம்பதிக்குத் துணை நிற்பது எப்படி என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“ஆண்கள் கூச்சப்படுவார்கள், வர மாட்டார்கள்” என்கிறீர்கள். மேடையில் முகம் தெரிய நின்ற அந்தப் பெண்களுக்குக் கூச்சம் இல்லையா? விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 70 முதல் 75 நாட்கள் ஆகும்; ஆகவே புகை, மது, புகையிலை, தூக்கமின்மை, தொழிலிடத்து வெக்கை இவற்றைக் கைவிடும் ஆணிடம் மாற்றம் தெரிய மூன்று மாதங்களாவது காத்திருக்க வேண்டும். உணவும் ஒழுக்கமும் மிக நேரடியாகப் பலன் தரக்கூடிய இடம் இதுவாக இருக்க, அந்த ஆணை வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு மருத்துவம் செய்கிறீர்கள்?

செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் இலட்சக்கணக்கில் வாங்குகின்றனவே, அதைக் கேட்க மாட்டாயா என்பவர்களுக்கு: கேட்கிறேன், அது தனிப் பதிவு. ஆனால் அங்கேயும் முதல் நாளே கணவரைச் சோதிக்கிறார்கள்.

நம் பாட்டிகள் பத்துப் பிள்ளை பெற்றார்களே என்பவர்கள், பெறாத பாட்டிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே தாத்தாக்கள் இரண்டாம் தாரம் கட்டினார்கள். அவளுக்கும் பிள்ளை இல்லையென்றால் அவளையும் சேர்த்தே பழித்தார்கள். என் அக்காவை எங்கள் சொந்த சித்தி மகளின் வளைகாப்பில் வளையல் போட அழைக்கவில்லை. அவள் சமையற்கட்டில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அத்தானுக்கு முதல் பந்தியில் இலை போட்டு உபசரித்தார்கள். குறை யாரிடம் என்று தெரிவதற்கு முன்பே தண்டனை யாருக்கு என்று முடிவாகிவிட்டிருந்தது. அந்த மண்டபத்து மேடையும் இதைத்தான் செய்தது, இயற்கையின் பெயரால்.

திருமணமாகி ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையென்றால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். கருக்குழாய் அடைப்பையோ காசநோயால் வந்த பாதிப்பையோ கீரையும் நோன்பும் திறந்துவிடாது. ‘இன்னும் ஒரு மண்டலம்’ என்று காத்திருப்பதில் அவளுடைய வயதுதான் கரைகிறது.

அடுத்த முகாம் புதுச்சேரியில் என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பதிவுப் படிவத்தில் கணவரின் பரிசோதனை முடிவை எழுத ஓர் இடம் விடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அந்தப் பெண்ணுக்கு உங்கள் பத்தியத் தாளைக் கொடுக்காதீர்கள். வெளியே நிற்பவரை உள்ளே கூப்பிடுங்கள்.